அல்லகுறிப்படாதீர்கள்

செய்தி மேசையில் இரவுப் பணி பார்க்கும் நண்பர்களுக்கு,

நாளிதழில் தலைப்பு வைக்கிறவர்கள், தொலைக்காட்சியில் திரைக்குக் கீழே ஓடும் வரியைத் தட்டுகிறவர்கள், நிருபர் அனுப்பியதை வெட்டி ஒட்டிப் பக்கத்தில் ஏற்றுகிறவர்கள் என்று உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். காலைப் பத்திரிகையை இன்றும் கையில் பேனாவோடுதான் படிக்கிறேன். வீட்டில் இதற்காக வாங்கும் திட்டு தனிக் கதை. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பற்றி எழுதப் போவதில்லை, பயப்படாதீர்கள். அவற்றோடு வாழப் பழகிவிட்டேன். பழக முடியாத ஒன்று இருக்கிறது: குறிப்பையும் சைகையையும் அறிகுறியையும் தடயத்தையும் ஒரே கூடையில் போட்டு, கைக்கு வந்ததை எடுத்து எழுதும் வழக்கம். இது மொழிப்பிழை என்றால் விட்டுவிடலாம். செய்திப்பிழையாக அல்லவா ஆகிறது?

'சூசகம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒரு கட்சித் தலைவர் விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறார். கூட்டணி மாறுமா என்று கேட்கிறார்கள். "தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார். நடந்தது அவ்வளவுதான். உங்கள் மேசைக்கு வந்து சேரும்போது அது 'கூட்டணி மாற்றம்: தலைவர் சூசகம்' என்று ஆகிவிடுகிறது. மறுநாள் எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொல்கிறது, அந்தப் பதிலும் செய்தியாகிறது, இரவு நான்கு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூசகத்தின் உட்பொருளை அலசுகிறார்கள். ஒருவேளை அந்த மனிதருக்கு அன்று பசியாக இருந்திருக்கலாம்.

சூசகமாகச் சொன்னார் என்று எழுதினால் மூன்று விஷயங்களைச் செய்தியாக உறுதி செய்கிறீர்கள். அவர் மனத்தில் ஒரு முடிவு இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல அவர் விரும்பவில்லை. ஆனாலும் நமக்குத் தெரியட்டும் என்று நினைத்து வேறொரு பேச்சின் வழியாக உணர்த்துகிறார். இந்த மூன்றில் எதற்கு நிருபரின் குறிப்பேட்டில் ஆதாரம் இருக்கிறது? அவர் பேசியது ஒரு வாக்கியம். மற்றதெல்லாம் நாம் அவர் மண்டைக்குள் போய் எழுதியது.

நம் மொழியில் குறி சார்ந்த சொற்களுக்குக் குறைவே இல்லை. அவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போடக் கிடைத்த சொற்களும் இல்லை. ஒரு குறியை யார் காட்டினார், தெரிந்தே காட்டினாரா, யார் பார்ப்பதற்காகக் காட்டினார் என்ற மூன்று கேள்விகளுக்கும் என்ன விடையோ, அதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. சொல்லை மாற்றிப் போட்டால் விடையும் மாறிவிடும். பண்டிதர்களுக்கு மட்டும் தெரிந்த நுணுக்கம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து பேசும் எந்தக் கிழவியும் இந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்ள மாட்டாள்.

குறியைத் தவறாகப் படிப்பதற்கென்றே பழைய அகப்பாட்டில் ஒரு நிகழ்ச்சி உண்டு. களவு வாழ்வில் 'குறி' என்றால் தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்த இடம். பகலில் ஊருக்கு வெளியே, அது பகற்குறி. இரவில் வீட்டை ஒட்டி, அது இரவுக்குறி. இரவில் வருகிறவன் தான் வந்ததை வீட்டார் அறியாமல் அவளுக்கு மட்டும் தெரிவிக்க வேண்டும். அதற்கு ஓர் ஒலி ஏற்பாடு: ஒரு காயை நீரில் எறிவான், அல்லது மரத்தில் அடங்கிய பறவைகளைக் கலைத்துவிடுவான். சிக்கல் என்னவென்றால், காய் தானாகவும் விழும், பறவை காற்றுக்கும் கலையும். அந்த ஓசையைக் கேட்டு, அவன்தான் வந்துவிட்டான் என்று நம்பி, காவலை எல்லாம் கடந்து தலைவி இருட்டில் இறங்கி வருவாள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு அவன் உண்மையாகவே வந்து அதே ஒலியை எழுப்பும்போது, ஒருமுறை ஏமாந்தவள் எழுந்து வரமாட்டாள். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். தொல்காப்பியக் களவியலிலேயே இது வருகிறது. குறிபோலவே இருந்து குறி அல்லாத ஒன்றுக்கு, அனுப்பியவரே இல்லாத செய்திக்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். செய்தி மேசைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய பெயர் அது. 'தலைவர் சூசகம்' என்ற தலைப்புகளில் பாதிக்குமேல் அல்லகுறிதான்.

இதற்கு நேர்மாறான வழக்கமும் ஒன்று இருந்தது. அது விரிச்சி கேட்டல். முல்லைப்பாட்டில் வருகிறது. போருக்குப் போன தலைவன் திரும்புவானா என்று அறிய, முதிய பெண்கள் நெல்லும் பூவும் கொண்டு ஊர்ப்புறம் போய் வணங்கி நிற்கிறார்கள். யாராவது தற்செயலாகப் பேசும் பேச்சு காதில் விழ வேண்டும், அதுதான் விரிச்சி. அங்கே ஓர் ஆயர்குலப் பெண் பசியில் தவிக்கும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்போது வந்துவிடும் என்று ஆறுதல் சொல்கிறாள். இவர்கள் அதை நற்சொல்லாக எடுத்துக்கொண்டு தலைவியிடம் வந்து சொல்கிறார்கள். கவனியுங்கள், அந்தப் பெண் கன்றுக்குத்தான் சொன்னாள், தலைவியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த முதிய பெண்களுக்கு நன்றாகத் தெரியும். ஆயர்குலப் பெண் தலைவன் வருகையைச் சூசகமாகத் தெரிவித்தாள் என்று யாரும் சொல்லவில்லை. விமான நிலைய வாசலில் மைக்கை நீட்டி நிற்கிறவர்கள் செய்வதும் விரிச்சி கேட்பதுதான். அது விரிச்சி என்ற நினைப்பு இருந்தால் போதும்.

அறிந்தே காட்டும் குறிப்புகளுக்கு வருவோம். இங்கேதான் நம் பேச்சுத் தமிழ் செழிப்பு. கோடி காட்டுவது என்றால், சொல்கிறவர் விஷயத்தின் ஒரு முனையை மெய்யாகவே வெளியே விடுகிறார். முழுதாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன அளவு நிஜம். "பொண்ணு வீட்ல இஷ்டமில்லேன்னு மாமா அப்பவே கோடி காட்டினார்" என்று பின்னால் ஒருவர் சொன்னால், அதில் மாமாவின் நேர்மைக்கு ஒரு சான்றிதழும் இருக்கிறது. சாடை பேசுவது வேறு. ஒருத்தியைப் பார்த்துப் பேசுகிற பேச்சு, பக்கத்து அறையில் இருக்கும் இன்னொருத்தி காதில் விழ வேண்டும். மாமியார் பூனையைத் திட்டினால் பூனைக்குப் புரியாது, மருமகளுக்குப் புரியும். சாடையில் கேட்பவர் இரண்டு பேர். உண்மையான கேட்பவர் அங்கே முகம் காட்டாதவர். சட்டமன்றப் பேச்சுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான், ஆனால் 'சாடினார்' என்று மட்டும் போடுகிறோம். சாடுவது நேர்த் தாக்குதல், சாடை அப்படி இல்லை. எழுத்தில் ஒட்டியிருப்பதாலேயே இரண்டும் உறவாகிவிடாது.

பொடி வைத்துப் பேசுவதில் சொல் சாதுவாக இருக்கும், காரம் பிறகு ஏறும். குத்திக் காட்டுவதில் பழைய கணக்கு ஒன்று இருக்க வேண்டும். முன்பு செய்த உதவியோ முன்பு நேர்ந்த குறையோ இல்லாமல் யாரையும் குத்திக் காட்ட முடியாது. ஜாடை கண்ணுக்கும் கைக்கும் உரியது, கூட்டத்தின் நடுவில் இருவருக்கு மட்டும். 'அப்பா ஜாடை அப்படியே இருக்கு' என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லும்போது அதே சொல், காட்டுகிறவர் யாரும் இல்லாத, முகத்தில் தானாக வந்து உட்கார்ந்த ஒற்றுமையைக் குறிக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'சாடையான காய்ச்சல்' என்றால் இலேசான காய்ச்சல். எனக்கு இந்தப் பயன்பாடு மிகவும் பிடிக்கும்.

இவை எல்லாவற்றிலும் அரசியல் செய்திக்கு மிகத் தேவையான சொல் 'ஆழம் பார்ப்பது'. 'நூல் விட்டுப் பார்ப்பது' என்றும் சொல்வோம். இதில் பேசுகிறவர் தகவல் கொடுப்பதில்லை, தகவல் எடுக்கிறார். ஒரு பேச்சை வெளியே விட்டுவிட்டு யார் யார் எப்படித் துள்ளுகிறார்கள் என்று பார்க்கிறார். பெயர் சொல்ல விரும்பாத மூத்த நிர்வாகி ஒருவர் உங்களுக்குத் தரும் செய்திகளில் பல இந்த ரகம். அதைச் 'சூசகத் தகவல்' என்று போட்டால், அவர் விட்ட நூலின் மறுமுனையை நீங்களே பிடித்து இழுத்துக் கொடுத்தவர்கள் ஆகிறீர்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். துண்டுக்கு வெளியே நிற்கிறவன் தரகரின் முகத்தைப் பார்த்து விலையைச் சொன்னால் சந்தையில் சிரிப்பார்கள். நம் தொழிலில் அவனை அரசியல் நோக்கர் என்கிறோம்.

குறி என்பதிலிருந்து வந்த இரண்டு வினைகள் உங்கள் கையில் தினமும் புரளுகின்றன. 'குறிப்பிட்டார்' என்றால் வாய் திறந்து, பெயர் சொல்லி, வெளிப்படையாகச் சொன்னார். 'குறிப்பால் உணர்த்தினார்' என்றால் வாய் திறக்கவே இல்லை. வேர் ஒன்று, பொருள் நேர் எதிர். இதில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. தவறுவது 'சுட்டிக்காட்டினார்' என்பதில். சுட்டுவிரலை நீட்ட வேண்டுமென்றால் எதிரே ஒரு பொருள் இருக்க வேண்டும். இல்லாததைச் சுட்ட முடியாது. 'முந்தைய ஆட்சியில் கடன் இரு மடங்கானதை அமைச்சர் சுட்டிக்காட்டினார்' என்று எழுதினால், கடன் இரு மடங்கானது உண்மை என்று பத்திரிகையும் கையெழுத்துப் போட்டுவிட்டது. அமைச்சர் சொன்னது சரியா என்று யாராவது பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் 'சொன்னார்' போதும். சலிப்பூட்டும் சொல்தான். ஒரே செய்தியில் 'சொன்னார்' ஐந்து முறை வரக்கூடாது என்று பயிற்சிக் காலத்தில் யாரோ உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் குறிப்பிட்டார், சுட்டிக்காட்டினார், கோடிட்டுக் காட்டினார், தெளிவுபடுத்தினார், அம்பலப்படுத்தினார் என்று வரிசையாக மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள். 'தெளிவுபடுத்தினார்' என்றால் தெளிந்துவிட்டது என்றும், 'அம்பலப்படுத்தினார்' என்றால் மறைந்திருந்த உண்மை வெளியே வந்துவிட்டது என்றும் நீங்கள் தீர்ப்பளிக்கிறீர்கள். ஐந்து முறை 'சொன்னார்' வந்தால் வாசகர் யாரும் சந்தாவை நிறுத்த மாட்டார்.

திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு வருவது ஒரே ஓர் இடத்தில்: குறிப்பறிதல். 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில். அரசனின் முகம் பார்த்து மனம் அறிவது முன்னது, காதலியின் பார்வையில் மனம் அறிவது பின்னது. இரண்டிலும் பேச்சு இல்லை, முகமும் கண்ணும்தான். தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே வைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகப் பிரித்தார். மெய்ப்பாடு என்றால் மனத்தில் இருப்பது உடம்பில் தெரிவது; அதை மறைக்க நினைத்தாலும் தெரிந்துவிடும். 'அமைச்சரின் முகம் வாடியது' என்று நிருபர் எழுதினால் அது மெய்ப்பாட்டைப் பதிவு செய்வது, கண்ணால் கண்டது. 'அமைச்சர் அதிருப்தியை வெளிப்படுத்தினார்' என்று மேசையில் மாற்றினால் தானாக நடந்தது அவர் செய்ததாகிவிடுகிறது. அவர் அதை வெளிப்படுத்தவே விரும்பவில்லை, ஐயா. மறைக்கத்தான் பாவம் முயன்றார்.

குற்றச் செய்திகளில் இந்தக் குழப்பம் ஒரு மனிதரின் வாழ்க்கையையே தொடும். துப்பு, தடயம், ஆதாரம், சாட்சியம் நான்கும் நான்கு படிகள். துப்பு என்பது விசாரிப்பவரை அடுத்த கதவுக்குக் கொண்டுபோகும் தகவல்; அது பொய்யாகக்கூட இருக்கலாம். தடயம் என்பது நிகழ்ந்த இடத்தில் பின்தங்கிய பொருள்: கால்தடம், விரல்ரேகை, முடி, இரத்தக்கறை. அது யாருடையது என்று ஆய்வகம் சொல்லும்வரை அது ஊமை. ஆதாரம் என்பது ஒரு குற்றச்சாட்டைத் தாங்கி நிற்கக்கூடியது. சாட்சியம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது. 'முக்கிய ஆதாரம் சிக்கியது' என்று முதல் நாளே போடுகிறீர்கள். சிக்கியது ஒரு செல்போன். அது தடயமா, வெறும் செல்போனா என்றே அன்றைக்குத் தெரியாது. பிறகு அந்த வழக்கில் ஒருவர் விடுதலையானால், ஆதாரம் இருந்தும் விட்டுவிட்டார்களே என்று டீக்கடையில் நீதிபதியைத் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்கு விதை போட்டது நம் தலைப்பு.

சைகைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் இடம் தருகிறேன், ஏனென்றால் அதைத்தான் அதிகம் மட்டம் தட்டியிருக்கிறோம். 'ஆபாச சைகை', 'மிரட்டல் சைகை' என்று கெட்ட இடங்களில்தான் அந்தச் சொல் வெளிச்சத்துக்கு வருகிறது. சட்டமோ சைகைக்குப் பேச்சின் தகுதியையே கொடுத்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தின்படி, வாய்பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ நீதிமன்றத்தில் சொல்வது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியமும் இதைத் தொடர்கிறது. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. கழுத்து அறுபட்ட ஒரு பெண்ணால் பேச முடியவில்லை. வெட்டியவர் இன்னாரா, இன்னாரா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார்கள்; கையசைவால் விடை சொன்னாள்; பிறகு இறந்துபோனாள். அதை மரண வாக்குமூலமாக ஏற்கலாமா என்பது கேள்வி. கேட்ட கேள்வியையும் அவள் காட்டிய சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது அவள் சொன்ன வாக்குமூலமே என்று நீதிபதிகள் ஏற்றார்கள். இதில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது: கேள்வியைப் பதிவு செய்யாமல் சைகையை மட்டும் பதிவு செய்திருந்தால் அந்தக் கையசைவுக்குப் பொருளே இருந்திருக்காது. தலைவர் தலையசைத்தார் என்று எழுதுகிறவர்கள் என்ன கேட்டதற்குத் தலையசைத்தார் என்று எழுதுவதில்லை.

காதுகேளாதோரின் சைகை மொழியையும் ஜாடையோடு சேர்க்காதீர்கள். அது இலக்கணமும் சொல்வளமும் கொண்ட முழு மொழி. திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நின்று செய்தியைச் சொல்கிறவர் 'சைகை காட்டுவதாக' எழுதுவது, செய்தி வாசிப்பாளர் 'சத்தம் போடுகிறார்' என்று எழுதுவதற்குச் சமம்.

இனி கடற்கரைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கடலூர், நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி என்று துறைமுகங்களின் பெயரை அடுக்கி, 'புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று போடுகிறோம். கூண்டு நல்ல சொல், மீனவர் வாயில் புழங்கும் சொல். பகலில் கூம்பும் உருளையுமாகக் கம்பத்தில் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். சைகையின் எண் 1 முதல் 11 வரை போகும். அந்த எண்ணை நம் வாசகர்கள் காய்ச்சலின் டிகிரிபோல நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எண் கூடக்கூட ஆபத்தும் அதே அளவில் கூடுகிறதாம். நாம் சொல்லிக் கொடுக்காததால் வந்த நினைப்பு அது.

உண்மையில் 1ம் 2ம் தொலைவுக்கானவை. கடலில் எங்கோ புயல் உருவாகலாம் என்பது 1. உருவாகிவிட்டது, துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்கள் கவனம் என்பது 2. துறைமுகத்துக்கே பலத்த காற்றும் மோசமான வானிலையும் வரலாம் என்பது 3. புயலே வரலாம், ஆனால் உச்சகட்ட முன்னேற்பாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்பது 4. அடுத்த மூன்றில்தான் விஷயம். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு வலுவுள்ள புயலுக்கானவை. துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. அதேபோல 8, 9, 10 தீவிரப் புயலுக்கு. ஆகவே 5ஐ இறக்கி 6 ஏற்றினால் புயல் முற்றிவிட்டது என்று பொருள் இல்லை, பாதை மாறியிருக்கிறது. 'கூண்டு எண் உயர்ந்தது, பீதியில் மக்கள்' என்று எழுதுவது எவ்வளவு அபத்தம் என்று இப்போது தெரிகிறதா? இடப்புறம் என்பது புயலுக்கு இடப்புறம், துறைமுகத்துக்கு இல்லை. இதை மாற்றி எழுதினால் வடக்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது தெற்கே போய்விடும். 11 இன்னும் விநோதம். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று உள்ளூர் அலுவலர் கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வரவில்லை என்பதையே ஒரு செய்தியாக ஏற்றிக் காட்டும் குறி.

இன்னொன்று, இந்தக் கூண்டு முதலில் கப்பல்களுக்கானது. கரையில் வீட்டில் இருக்கும் வாசகருக்கு வேண்டியது வண்ண எச்சரிக்கை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். மழைக்கும் அளவு வைத்துத்தான் பெயர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இவை அளந்து வைத்த பெயர்கள். தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று 'கனமழை'யை 'பேய்மழை' ஆக்குவதும், மஞ்சள் எச்சரிக்கையை 'உச்சகட்ட எச்சரிக்கை' ஆக்குவதும் அல்லகுறி விற்பதுதான். நாலு முறை பயமுறுத்தி ஒன்றும் நடக்காமல் போனால், ஐந்தாவது முறை உண்மையான சிவப்பு வரும்போது ஜனம் படுத்துத் தூங்கும். ஒருமுறை ஏமாந்த தலைவி எழுந்து வராததுபோல.

மருத்துவப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோயாளி சொல்வது, மருத்துவர் காண்பது இரண்டையும் 'அறிகுறி' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறோம். தலைவலி நோயாளி சொன்னால்தான் தெரியும்; கண் மஞ்சளித்திருப்பதை மருத்துவரே பார்க்கலாம். சித்த மருத்துவர்களின் எண்வகைத் தேர்வு நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என்று நோயாளியின் பேச்சுக்கு வெளியேயும் குறி தேடியது. சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு அது பரவும் விதம் பார்ப்பதற்கு நெய்க்குறி என்றே பெயர். அந்த முறைகள் இன்று எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விவாதம். இப்போது எழுதும்போது 'நோயாளி உணர்வது', 'மருத்துவர் காண்பது' என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக் கொடுத்தால், படிக்கிறவர் மருத்துவரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

சின்னம், அடையாளம் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. தேர்தல் பக்கத்தில் சின்னத்தை நீங்கள் சரியாகவே பயன்படுத்துகிறீர்கள். 'அடையாள உண்ணாவிரதம்' என்ற தொடரும் நிலைத்துவிட்டது, காலை 10 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்குப் பழச்சாறோடு முடிவதற்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. 'சிக்னல்' என்று எழுதுவதிலும் எனக்குச் சண்டை இல்லை. அண்ணா சாலையில் நிற்கிறவனுக்கு அது சிக்னல்தான். கொழும்பில் நிற்கிறவருக்குச் சமிக்ஞை விளக்கு. ரயில் பாதை ஓரம் வளர்ந்த என் தலைமுறைக்குக் கைகாட்டி. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன: நில் என்றால் நில், போ என்றால் போ. காட்டுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் முன்பே ஒப்பந்தம் இருப்பதால் அங்கே சூசகம் கிடையாது. 'டெல்லி மேலிடம் சிக்னல்' என்று தலைப்பு வைக்கும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்படி எந்த விளக்கையும் உங்கள் நிருபர் பார்க்கவில்லை.

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம், உங்களில் பலர் நல்ல தமிழ் எழுதுகிறீர்கள் என்பதுதான். நேரம் இல்லை என்பீர்கள், தெரியும். பதிப்பு மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது சொல்லகராதி புரட்ட யாராலும் முடியாது. நான் கேட்பது இரண்டே காரியம். அடுத்த முறை 'சூசகம்' என்று விரல் போகும்போது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நிருபர் என்ன கேட்டார், தலைவர் என்ன சொன்னார் என்ற இரண்டு வரியை அப்படியே போடுங்கள். அது சூசகமா இல்லையா என்று வாசகர் பார்த்துக்கொள்வார். புயல் கூண்டுச் செய்தி வரும்போது எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணின் பொருளை ஒரே வரியில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் 1 முதல் 11 வரையான பொருளைத் தட்டச்சு செய்து மேசைக்கு மேலே ஒட்டி வைத்தால், இந்தப் பருவத்திலிருந்தே செய்யலாம்.

அன்புடன்,
ஒரு பழைய மெய்ப்புத் திருத்துநர்